அழகர்கோவில் மலைக்கு ஒரு நாள்: நூபுர கங்கையில் தொடங்கி கருப்பன் வாசலில் முடிப்பது எப்படி

எங்கள் வீடு மதுரை புதூரில் இருக்கிறது. அழகர்கோவில் ரோடு பக்கத்திலேயே போகிறதா, ஊரிலிருந்து யார் வந்தாலும் "அப்படியே அழகரை ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமே" என்பார்கள், கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழும். கோயம்புத்தூர் அத்தை, சென்னை மச்சான் குடும்பம், கல்யாணமான கையோடு வந்த தங்கை மாப்பிள்ளை என்று எத்தனை தடவை போயிருக்கிறேனோ கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று சொதப்பும். யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே தப்புதான், கீழேயிருந்து மேலே போவது.

பஸ் பெருமாள் கோவில் பக்கம் இறக்கிவிடும். கோவில் கண்ணுக்கு எதிரே இருக்கிறதே என்று நேராக உள்ளே போவார்கள். வெளியே வரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அப்புறம் மலை ஏறி, உச்சி வெயிலில் முருகனுக்கு வரிசையில் நின்று, அதற்கும் மேலே போய்த் தீர்த்தத்தில் குளித்து, ஈரத் துணியோடு கீழே வந்தால் பிள்ளைகள் பசியில் அழும். கருப்பனைக் கும்பிட்டோமா என்ற நினைவு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும். இதையே தலைகீழாக மாற்றுங்கள்: மலை மேலே நூபுர கங்கைத் தீர்த்தம், அதற்குக் கீழே பழமுதிர்சோலை முருகன், அடிவாரத்தில் அழகர் என்கிற பெருமாள், அவர் கோவில் வாசலில் காவல் தெய்வம் கருப்பன், கடைசியில் சாப்பாடு. ஏன் இந்த வரிசை என்பதை ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறேன்.

1. நாள் பார்ப்பது

சாதாரண நாளில், அதிலும் செவ்வாய், வெள்ளி, சனி தவிர்த்து வந்தால் எல்லாம் நிதானமாக நடக்கும். ஆடி அமாவாசை, ஆடிப் பௌர்ணமித் தேர், புரட்டாசி சனிக்கிழமைகள், கந்த சஷ்டி, வைகுண்ட ஏகாதசி ஆகிய நாட்களில் கூட்டத்துக்காகவே வருகிறவர்கள் வரலாம். முதல் தடவை வருகிறவருக்கு அது சரிப்படாது, கையில் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

சித்ரா பௌர்ணமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கிறேன் என்று அன்றைக்கு அழகர்கோவிலுக்குப் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும், என் சொந்த மச்சான்தான். அழகர் அதற்கு முன்பே கோவிலை விட்டுக் கிளம்பி, மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை கண்டு, தல்லாகுளம் வந்து, வைகையில் இறங்குகிறார். ஆற்றில் இறங்குவது மதுரைக்குள். அந்த நாட்களில் மலையடிவாரக் கோவிலில் மூலவரைத்தான் பார்க்கலாம், உற்சவரான கள்ளழகர் ஊருக்குள் மண்டகப்படி மண்டகப்படியாகப் போய்க்கொண்டிருப்பார். ஆகவே அழகரை ஆற்றில் பார்க்க வேண்டுமென்றால் மதுரையில் இருங்கள், கோவிலில் பார்க்க வேண்டுமென்றால் சித்திரைத் திருவிழா முடிந்து வாருங்கள்.

இன்னொன்று. வருஷத்தில் சில மாதங்கள் மூலவர் பரமசுவாமிக்குத் தைலக்காப்பு சாத்தியிருப்பார்கள், அதாவது திருமேனியில் தைலம் பூசியிருப்பார்கள். அப்போது வந்தால் மூலவரை வழக்கம்போல முழுசாகப் பார்க்க முடியாது. தூரத்திலிருந்து மூலவருக்காகவே வருகிறவர்கள் கிளம்பும் முன் கோவில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், "அறுபடை வீட்டில் ரெண்டு மதுரையிலேயே இருக்கே, ஒரே நாளில் முடிச்சிரலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. திருப்பரங்குன்றம் ஊருக்குத் தென்மேற்கே கிடக்கிறது, பழமுதிர்சோலை இருக்கிற அழகர்கோவில் வடக்கே 21 கிலோமீட்டர். நடுவில் மொத்த மதுரை டிராபிக்கும் இருக்கிறது. முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டிலும் வரிசையையும் கடிகாரத்தையும்தான் பார்த்திருப்பீர்கள்.

2. முந்தின ராத்திரியே எடுத்து வைப்பது

தீர்த்தத்தில் குளிக்கப் போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துப் பையைக் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு மாற்று உடை, ஒரு துண்டு, ஈரத் துணியைப் போட்டுக்கொள்ள ஒரு தனிப் பை. மாற்று உடை வேட்டியாகவோ சேலையாகவோ இருந்தால் குளித்ததும் அதைக் கட்டிக்கொண்டே முருகனையும் பெருமாளையும் பார்த்துவிடலாம். பெண்கள் குளிப்பதற்கு நைட்டியோ பழைய சுடிதாரோ எடுத்துக்கொள்வது சௌகரியம். பட்டுச்சேலையோடு வந்துவிட்டு, அதை நனைக்கவும் மனமில்லாமல் மாற்றவும் துணியில்லாமல் ஓரமாக நின்று காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிய அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுவார்.

தீர்த்தம் பிடிக்க மூடி இறுக்கமான பாத்திரம் ஒன்று வேண்டும். எவர்சில்வர் தூக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் பஸ்ஸில் பாதி கொட்டிவிடும். திருகு மூடி போட்ட சின்னக் கேன்தான் சரி.

பை ஜிப் வைத்ததாக இருக்கட்டும். மஞ்சப்பை, வயர் கூடை, பூக்கூடை மூன்றும் மலை மேல் ஆகாது. காரணம் ஏழாவது பகுதியில் வருகிறது.

பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சில்லறை நிறைய வேண்டும். மலைச் சீட்டு, அர்ச்சனைச் சீட்டு, செருப்பு பார்த்துக்கொள்கிறவர் என்று வழிநெடுக ஆகும். மலை மேல் சிக்னல் வரும், போகும். போனில் பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

தேங்காய், பழம், பூவை ஊரிலிருந்தே சுமந்துகொண்டு வர வேண்டாம். கருப்பனுக்குச் சந்தனம் சாத்துவதாக நேர்ந்திருந்தால் அதை மட்டும் நல்லதாக வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், மற்றதெல்லாம் அந்தந்த வாசலில் கிடைக்கும்.

3. கிளம்புகிற நேரம்

காலை ஐந்தரைக்குள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ் இருக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸும் இந்த வழியில் ஓடுகிறது, முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி தாண்டினால் அழகர்கோவில். காலையில் முக்கால் மணி நேரம், கூடிப்போனால் ஒரு மணி நேரம்.

இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், பெருமாள் கோவில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் சாயங்காலம் மூன்றரை, நாலு வாக்கில்தான் திறக்கும். மேலே இரண்டு இடத்தை முடித்துவிட்டு, அவசரமில்லாமல் பெருமாளைப் பார்க்கப் பத்து மணிக்காவது கீழே இறங்கியிருக்க வேண்டும். எட்டு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கணக்கு தப்பிவிடும்.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. குளிக்கிறவரை வெறும் வயிறு, அல்லது ஒரு காபி போதும். சர்க்கரை வியாதிக்காரர்களும் வயதானவர்களும் இதைக் கேட்காதீர்கள், நாலு பிஸ்கட்டைப் பையின் அடியில் போட்டு வைத்து பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிடுங்கள். விரதம் என்று பிடிவாதம் பிடித்த சித்தப்பா ஒருவரைப் படியில் உட்கார வைத்துச் சர்க்கரை கொடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

4. அடிவாரத்தில் இறங்கியதும்

இறங்கியதும் கோவிலுக்குள் போக வேண்டும் என்று கால் பரபரக்கும். போகாதீர்கள். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, கருப்பன் வாசல் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. "காவல் தெய்வம், அவரிடம் சொல்லாமல் மலை ஏறலாமா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெளியே நின்று "மேலே போயிட்டு வர்றோம் கருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், சந்தனமும் மாலையும் திரும்பி வந்து சாத்தலாம் என்பது என் பழக்கம். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் செய்வாள்.

மலை மேலே போக மூன்று வழி. கோவில் வண்டி, சொந்த வண்டி, நடை. பழமுதிர்சோலை வரை சாலை மூன்று நாலு கிலோமீட்டர், அதற்கு மேலே நூபுர கங்கைக்கு இன்னும் கொஞ்சம். நடக்கத் தெம்பிருந்தால் காலை நேரத்தில் அந்தச் சாலையில் நடப்பதற்கு ஈடே கிடையாது. இரண்டு பக்கமும் மரம் அடர்ந்து, வெயில் தரைக்கு வருவதற்கே எட்டு மணி ஆகும். ஆனால் கூட்டமாக நடங்கள், சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். இது வனம், காட்டுமாடு இருக்கிற மலை.

வயதானவர்கள் இருந்தால் யோசிக்காமல் கோவில் வண்டிக்கு நில்லுங்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், ஆகவே பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகும். சொந்த வண்டி என்றால் அடிவாரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள்.

இங்கே ஒரு தப்பு எப்போதும் நடக்கும். வண்டி முதலில் பழமுதிர்சோலையில் நிற்கும். பாதிப் பேர் இறங்குவதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடுவீர்கள். வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள். ஏறும்போதே "நூபுர கங்கை வரைக்கும்" என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள்.

5. நூபுர கங்கை

நூபுரம் என்றால் சிலம்பு. சிலம்பாறு என்ற பேரும் அதனால்தான். மேலே ராக்காயி அம்மன் இருக்கிறாள், தீர்த்தம் அங்கே வருகிறது. பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்வது இந்தத் தண்ணீரில்தான், வேறு தண்ணீரில் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்பு உற்சவத்துக்கு அழகரே எண்ணெய் தேய்த்துக் குளிக்க இங்கே ஏறி வருகிறார். அவரே முதலில் குளிப்பதற்கு மேலே வருகிறார், நாம் எதற்குக் குளிக்காமல் கீழே உள்ளே போக வேண்டும்? வரிசைக்கு நான் சொல்கிற முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் சாதாரணமானது: ஏழு, ஏழரைக்குக் கூட்டம் இருக்காது. பத்து மணிக்கு மேல் வேன் வேனாக வந்து இறங்குவார்கள், ஒரு வாளித் தண்ணீருக்கு அரை மணி நேரம் ஆகும்.

செய்ய வேண்டியவை இப்படி. முதலில் தீர்த்தம் பிடிக்கிற கேனை நிரப்பி மூடி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். குளித்த பிறகு பிடிக்கலாம் என்று விட்டால் நடுக்கத்தில் மறந்துபோகும், எனக்கே இரண்டு தடவை மறந்திருக்கிறது. அடுத்து, ஒருவர் பைகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் குளிப்பது என்று முறை வையுங்கள். எல்லோரும் ஒன்றாகப் போகக் கூடாது.

தண்ணீர் சில்லென்று இருக்கும், மார்கழியிலும் தையிலும் பல் கிட்டும். நேராகத் தலையில் ஊற்றாமல் முதலில் கால், அப்புறம் கை, தோள் என்று நனைத்துவிட்டுத் தலைக்குப் போங்கள். குழந்தைகளுக்கு மூன்று சொம்பு போதும், அதற்கு மேல் ஊற்றினால் அழுகைதான். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதையும் திறக்காதீர்கள். இந்தத் தண்ணீரைத்தான் பக்கத்தில் இன்னொருவர் குடிக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

படியும் தரையும் எப்போதும் ஈரம், ஓரங்களில் பாசி. வழுக்கி விழுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள் இல்லை, துண்டைக் கட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற இளசுகள்தான்.

துவட்டி, உடை மாற்றி, ராக்காயி அம்மனைக் கும்பிடுங்கள். பலர் குளித்த ஜோரில் அம்மனைப் பார்க்காமல் வண்டிக்கு ஓடிவிடுகிறார்கள். தண்ணீருக்குக் காவல் அவள்தானே.

6. பழமுதிர்சோலை

இங்கே இறங்கி வருவது நடையிலேயே முடிகிற தூரம், இறக்கம் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் வண்டி. முருகன் வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். அறுபடை வீடுகளில் ஆறாவது இது, அறுபடை யாத்திரையை வரிசையாகச் செய்கிறவர்கள் முடிக்கிற இடம். அதனால் வெளியூர் யாத்திரை பஸ்கள் மொத்தமாக வந்து நிற்கும், எட்டரை மணிக்கு முன்னால் உள்ளே போய்விட்டால் தப்பித்தீர்கள்.

கோவில் சின்னது. வரிசையில் உள்ளே போனால் கால் மணியில் வெளியே வந்துவிடலாம், ஆகவே அவசரப்பட்டுக் கட்டண வரிசைக்குப் போக வேண்டியதில்லை, முதலில் பொது வரிசையின் நீளத்தைப் பாருங்கள். கொடுத்த விபூதியில் மிச்சத்தைத் தூணில் கொட்டாதீர்கள், ஒரு தாளில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட நாவல் மரம் எது என்று பிள்ளைகள் கேட்பார்கள், காட்டிவிட்டு நகருங்கள்.

7. குரங்குகள்

இதற்குத் தனித் தலைப்பு தேவையா என்று கேட்பவர்கள் இந்த மலைக்கு வந்ததில்லை.

மச்சான் மனைவி அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு பெரிய கடுவன் மதிலிலிருந்து இறங்கி வந்து, கடிக்கவில்லை, உறுமவில்லை, சேலைத் தலைப்பை மட்டும் பிடித்து மெதுவாக இழுத்தது. அவள் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் முன்பக்கமிருந்து இன்னொன்று வந்து தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு போனது. வாழைப்பழம் அதற்கும் முன்பே போயிருந்தது, எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டில் மிச்சம் வெற்றிலையும் ஊதுபத்தியும்.

அதனால் தேங்காய் பழத்தைச் சந்நிதிக்கு மிக அருகில் வாங்குங்கள், வாங்கியதை ஜிப் பைக்குள் போட்டு, பையை முதுகில் போடாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கவரின் சரசரப்புச் சத்தம் கேட்டாலே அவை திரும்பும், உள்ளே துணிதான் இருக்கிறது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? பிடுங்கினால் விட்டுவிடுங்கள். எதிர்த்து இழுத்தால்தான் நகம் படும். கீறல் விழுந்துவிட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு அடுத்த கோவிலுக்குப் போகாதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசிக்குக் கேளுங்கள்.

பாவமே என்று பழம் போடவும் வேண்டாம். இன்றைக்கு நீங்கள் போட்ட பழம் நாளைக்கு வருகிறவர் கையிலிருந்து பிடுங்கப்படும்.

8. பெருமாள் கோவில்

பத்து மணிக்குக் கீழே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈரத் துணிப் பையையும் தீர்த்தக் கேனையும் வெளியே ஒருவரிடம் விட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டு வாருங்கள். பெரிய கோபுர வாசல் சாத்தியே இருக்கும். "கோவில் மூடிருச்சு போல" என்று திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்! அந்தக் கதவு கருப்பனுடையது, அதைப் பிறகு பார்ப்போம். உள்ளே போவது பக்கத்து வண்டி வாசல் வழியாக.

உள்ளே போனதும் கல்யாண மண்டபத் தூண்களில் பத்து நிமிஷம் செலவழியுங்கள். வரிசையில் நிற்கும்போது பார்க்கலாம் என்றால் முடியாது, வரிசை அந்தப் பக்கம் போகாது. இரணியனை மடியில் கிடத்தியிருக்கிற நரசிம்மர் ஒருவர் அங்கே இருக்கிறார், குடலை எடுக்கிற விரல்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

தரிசனத்துக்கு முறை, தாயாரை முதலில் பார்த்துவிட்டுப் பெருமாள். சிவன் கோவில் பழக்கத்தில் வருகிறவர்கள் நேரே மூலஸ்தானத்துக்குப் போய்விட்டு, தாயார் சந்நிதி தனியாக இருப்பதே தெரியாமல் வெளியே வந்துவிடுவார்கள். இங்கே தாயார் சுந்தரவல்லி. ஆண்டாளுக்கும் தனிச் சந்நிதி உண்டு, இங்கே உட்கார்ந்த கோலம். அழகருக்கு நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள், அவளைப் பார்க்காமல் போவது சரியில்லை.

மூலஸ்தானத்தில் புதியவர்கள் தடுமாறுகிற விஷயங்கள் இரண்டு மூன்று. தீர்த்தம் கொடுக்கும்போது வலது உள்ளங்கையைக் குழித்து, அடியில் இடது கையைக் கொடுத்து வாங்கி, சத்தமில்லாமல் குடியுங்கள். பெருமாள் பாதம் பதித்த சடாரியைத் தலையில் வைக்கும்போது குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள், நிமிர்ந்து பார்த்தால் நெற்றியில் இடிக்கும். துளசி கொடுப்பார்கள், இங்கே விபூதி கேட்காதீர்கள். அதற்காக முருகன் கோவிலில் பூசிய விபூதியை அழிக்க வேண்டியதில்லை. எங்கள் கோயம்புத்தூர் அத்தை வாசலில் நின்று சேலைத் தலைப்பால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்க, வழியில் போன பட்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே "மாமா கோவிலுக்கு மருமகன் பிரசாதத்தோட வரலாம்மா, உள்ள வாங்கோ" என்றார்.

இன்னொன்று, "எது உண்மையான அழகர்" என்று எல்லோரும் கேட்பது. பின்னால் நிற்பவர் மூலவர் பரமசுவாமி, முன்னால் இருக்கிற உற்சவர்தான் சித்திரையில் குதிரை ஏறுகிற கள்ளழகர். இருவரையும் தனித்தனியாகப் பார்க்க இரண்டு நொடியாவது வேண்டும், பின்னாலிருந்து தள்ளுவார்கள், ஆகவே வரிசையில் வரும்போதே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பிரகாரத்தில் யோக நரசிம்மரையும் சக்கரத்தாழ்வாரையும் விட்டுவிடாதீர்கள். இங்கே எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டேன். வரிசையை மாற்றிக் காலையிலேயே மலையை முடித்ததற்கான பலன் இங்கேதான் கிடைக்கிறது, அடுத்து ஏற மலை பாக்கியில்லை.

9. பதினெட்டாம்படிக் கருப்பன்

வெளியே வந்து, அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் நில்லுங்கள். சிலையைத் தேடாதீர்கள், சிலை இல்லை. கதவுதான் கருப்பன். கதவு முழுக்கச் சந்தனம், பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருக்க அதன் மேல் இன்றைக்குக் காலையில் அப்பியது ஈரமாக வழிந்துகொண்டிருக்கும், குங்குமம், மாலை மேல் மாலை. பக்கத்தில் ஆளுயர அரிவாள்கள். கதவுக்குப் பின்னால் பதினெட்டுப் படிகள்.

இதைக் கடைசியில் வைக்கக் காரணம், இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள், நேரம் பிடிக்கும். மொட்டை, காது குத்து, சந்தனம், கிடா என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும். மொட்டை போடுவதாக இருந்தால் மட்டும் என் வரிசையில் ஒரு மாற்றம்: முடியை இறக்கிவிட்டு மேலே போய்த் தீர்த்தத்தில் குளியுங்கள். மொட்டைத் தலைக்கு இரண்டாவது குளியல் தேட வேண்டியிருக்காது.

மாலை, சந்தனத்தை நீங்களே போய் அப்பாதீர்கள், பூசாரியிடம் கொடுங்கள். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது இவரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போகிறார், நாமும் அப்படித்தான்.

விளையாட்டுக்குக் கூட இந்த வாசலில் சத்தியம் செய்யாதீர்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் கோர்ட்டுக்குப் போகாத வழக்குகள் இங்கே ஒரு சத்தியத்தில் முடியும், அதனால் பக்கத்தில் நிற்பவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தங்கை மாப்பிள்ளை "சிகரெட்ட விட்டுட்டேன், கருப்பன் மேல சத்தியம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி "நெசந்தானாய்யா?" என்று கேட்ட குரலில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

10. சாப்பாடு

பெருமாள் கோவில் பிரசாதக் கடையில் தோசை வாங்குங்கள். வீட்டுத் தோசையை நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான். விரல் கனத்துக்கு, நெய்யில் வெந்து, ஓரம் கறுத்து, மிளகும் சீரகமும் சுக்குமாக இருக்கும். சட்னி கேட்காதீர்கள், தேவையும் இல்லை. சூடாகச் சாப்பிட்டால் ஒன்று போதும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கவரில் கட்டாமல் வாழை இலையிலோ தாளிலோ சுற்றுங்கள், கவரில் வேர்த்து நொசநொசத்துவிடும். காலதாமதமாக வந்தால் தீர்ந்துபோயிருக்கும், ஆகவே கருப்பனிடம் போகும் முன்பே ஒருவரை அனுப்பி வாங்கி வைத்துவிடுங்கள்.

கிடா வெட்டுகிற குடும்பங்கள் சுற்றிலும் மரத்தடியில் அண்டா வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் விசேஷத்துக்கு வந்தவர்கள் செய்கிற பெரிய தப்பு, பத்து மணிக்கே குடல் குழம்பும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, "பெருமாளையும் பாத்துட்டு வந்துரலாம்" என்று கிளம்புவது. கறி சாப்பிட்ட அன்றைக்கு அந்த வாசலுக்குள் போவதில்லை என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். கறிச்சோறு எங்கேயும் போய்விடாது, பெருமாளை முடித்துவிட்டு வந்து பந்தியில் உட்காருங்கள். முன்பின் தெரியாத குடும்பம்கூட "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று இலை போடும். கூச்சப்படாமல் உட்காரலாம், எழுந்திருக்கும்போது காது குத்திய பிள்ளை கையில் ஏதாவது வைத்துவிட்டு வாருங்கள்.

11. திரும்புவது

மதியம் ஒரு மணிக்குள் பஸ்ஸுக்கு வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் வரை இருப்பதாக இருந்தாலும் மலைக்கு மறுபடி ஏறத் திட்டம் போடாதீர்கள், இருட்டும் முன் மேலே இருப்பவர்களை இறக்கிவிடுவார்கள்.

கிளம்பும் முன் மூன்றை எண்ணிப் பாருங்கள்: செருப்பு, ஈரத் துணிப் பை, தீர்த்தக் கேன். கேனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கு அடியில் வைத்தால் கடச்சனேந்தல் வளைவில் உருண்டு டிரைவர் பக்கம் போய்விடும், நான் அதன் பின்னாலேயே போயிருக்கிறேன். மாட்டுத்தாவணி போக வேண்டியவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் அங்கே போகாது. தப்பான வண்டியில் ஏறிவிட்டால் புதூரில் இறங்கி மாறலாம். இறங்கியது இறங்கினீர்கள், எங்கள் வீடு பக்கத்தில்தான், தோசையில் பாதி மிச்சமிருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்.